பெருந்தமனி வீக்கம்: கேப்ஸ்யூல் சாப்பிட்டால் சுருங்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து பெருந்தமனி வீக்கம் (அனீரிசம்) பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்’ (ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வினைவேகம் மிக்க பொருள்கள் செல்களைத் தாக்குவது) பற்றியும் கேட்டிருந்தன. ரத்தநாள அறுவை மருத்துவர் ஒருவரும் உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவரும் பதில் தருகிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வயது 67. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று புராஸ்டேட்டுக்கு ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றுப் பெருந்தமனி 4.2 செ.மீ. வீங்கியிருப்பதாக எழுதிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் புதுச்சேரியில் வேறொரு சென்டரில் எடுத்தோம், 4.6 என்று வந்தது. அதற்குள் இவ்வளவு வளருமா? தெரிந்தவர் ஒருவர் ‘ஆன்டி ஆக்சிடன்ட் என்சைம்’ கேப்ஸ்யூல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

முதலில் பதற்றம் வேண்டாம். இந்த அளவில் உள்ள வீக்கம் வருடத்துக்குச் சராசரியாக 2 முதல் 3 மி.மீ. வளரும். இரண்டு மாதத்தில் 4 மி.மீ. என்றால் தமனி வளர்ந்ததைவிட, அளந்த விதம் மாறியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

அளவு மாறுவது மூன்று இடங்களில். ஒன்று, ஸ்கேன் திரையில் அளக்கும் புள்ளியை (கர்சரை) எங்கே வைத்தார்கள் என்பது. உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அளந்தால், வெளிச்சுவர் வரை அளந்ததைவிடச் சில மி.மீ. குறைவாக வரும். இரண்டு, வயதானால் பெருந்தமனி நேராக ஓடாது, வளைந்து போகும். வளைந்த குழாயைச் சரிவாக வெட்டிப் பார்த்தால் வட்டம் முட்டை வடிவமாகி, அகலம் கூடிக் காட்டும். மூன்று, வீக்கத்துக்குள் பெரும்பாலும் ரத்தக்கட்டி படிந்திருக்கும். ரத்தம் ஓடும் பாதையை மட்டும் அளந்துவிட்டால் 5 செ.மீ. வீக்கம்கூட 3 என்று தெரியும். இதுதான் மூன்றிலும் ஆபத்தான தவறு.

ஆகவே இனி ஒரே சென்டரில் எடுங்கள். முந்தைய நாள் இரவு எளிய உணவு, ஸ்கேனுக்கு முன் 6 மணி நேரம் வெறும் வயிறு. இல்லையென்றால் குடல் வாயு மறைத்துவிடும். ‘முன்–பின் விட்டம், வெளிச்சுவர் முதல் வெளிச்சுவர் வரை, தமனியின் அச்சுக்குச் செங்குத்தாக’ என்று ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய ஃபிலிமையும் கையில் கொண்டுபோங்கள். 3 முதல் 3.9 செ.மீ. வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை, 4 முதல் 4.9 வரை வருடம் ஒருமுறை, 5 முதல் 5.4 வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. தொட்டால் அறுவை பற்றிப் பேச வேண்டும். சி.டி. ஸ்கேன் அப்போதுதான் தேவைப்படும்.

திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ தாங்க முடியாத வலி, கூடவே மயக்கம் என்றால் அளவைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே 108-க்கு அழைத்து, ரத்தநாள அறுவை செய்யக்கூடிய மருத்துவமனைக்குப் போங்கள். கோரிமேடு ஜிப்மர் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய, புகைப்பழக்கம் உள்ள ஆணுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சிறுநீரகக் ‘கல்வலி’ வந்தால், கல்லைத் தேடும் முன் பெருந்தமனியைப் பார்த்துவிட வேண்டும். வெடிக்கப்போகும் வீக்கம் அப்படியே இடது பக்கக் கல்வலி போல நடிக்கும்.

கேப்ஸ்யூலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த இரண்டு பதில்களில் இருக்கிறது.

பெருந்தமனிச் சுவரில் இந்த ஆன்டி ஆக்சிடன்ட் நொதிகள் (என்சைம்கள்) என்னதான் செய்கின்றன? ‘ஃப்ரீ ராடிக்கல்’ கெடுதல், அதை அழிக்கும் நொதி நல்லது என்று பாடத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.
— அறிவியல் ஆசிரியை, லாஸ்பேட்டை

அந்த ஒரு வரியில்தான் பாதிக் குழப்பம். கெடுதலை உண்டாக்குவதும் நொதிதான்.

சுவரின் நடு அடுக்கில் எலாஸ்டின் என்ற ரப்பர் போன்ற புரதத் தகடுகளும் அவற்றுக்கிடையே மென்தசைச் செல்களும் இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குவது இந்தத் தகடுகளின் வேலை. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, வயிற்றுப் பகுதியில், தகடுகளின் எண்ணிக்கை நெஞ்சுப் பகுதியில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். வீக்கம் அங்கே அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். எலாஸ்டினை உடம்பு கருவிலும் குழந்தைப் பருவத்திலும் செய்து முடித்துவிடுகிறது. பெரியவர்களான பிறகு ஒழுங்காகச் செய்வதில்லை. பழைய டிரவுசர் எலாஸ்டிக் போல, ஒருமுறை தொய்ந்தால் தொய்ந்ததுதான்.

இனி நொதிகள். செல்சவ்வில் உட்கார்ந்திருக்கும் என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ், ஆக்சிஜன் மூலக்கூறுடன் ஓர் எலெக்ட்ரானைச் சேர்த்து சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்குகிறது. இது தவறுதலாக நடக்கும் கசிவு இல்லை. அந்த நொதியின் வேலையே அதுதான். ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின்-2 ஹார்மோன், உயர் ரத்த அழுத்தத்தால் சுவர் இழுபடுவது, அழற்சிச் செல்கள் விடும் சமிக்ஞைகள் ஆகிய மூன்றும் அதை முடுக்கிவிடும். ‘நாக்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்த ஆக்சிடேஸ் குடும்பத்தில் நாக்ஸ்-1, 2, 4, 5 ஆகியவை ரத்தநாளத்தில் முக்கியமானவை. இவற்றில் நாக்ஸ்-4 மட்டும் பெரும்பாலும் நேராக ஹைட்ரஜன் பெராக்சைடையே தருகிறது. இவை தவிர சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதியும் சூப்பராக்சைடைத் தரும். வழக்கமாக நைட்ரிக் ஆக்சைடு செய்து தமனியைக் காக்கும் நொதியும், டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருள் தீர்ந்துபோனால், தடம் மாறி சூப்பராக்சைடை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். வீக்கத்தின் உள்ளே படிந்த ரத்தக்கட்டியில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். அவற்றின் மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகிறது, அதாவது பிளீச்சிங் தண்ணீரில் வேலை செய்யும் அதே பொருளை.

துப்புரவுப் பக்கம் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், சுருக்கமாக எஸ்.ஓ.டி. 1969-ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அடையாளம் கண்டது. மனிதரில் மூன்று வகை: செல் திரவத்தில் தாமிரமும் துத்தநாகமும் கொண்டது, மைட்டோகாண்ட்ரியாவில் மாங்கனீசு கொண்டது, செல்லுக்கு வெளியே சுவர் இழைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்றாவது வகை. இங்கேதான் பலரும் வழுக்குவது. எஸ்.ஓ.டி. நச்சை ஒழிப்பதில்லை, சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது, அவ்வளவுதான். அதைத் தண்ணீராக்குவது கேட்டலேஸும் செலினியம் கொண்ட குளுட்டாதயோன் பெராக்சிடேஸும். பின்னால் நிற்கும் இந்த இரண்டும் தளர்ந்திருந்தால், எஸ்.ஓ.டி. மட்டும் கூடியிருப்பதில் லாபமில்லை, பெராக்சைடு தேங்கும். வீக்க நோயாளிகளின் வெள்ளணுக்களிலும் பிளாஸ்மாவிலும் கேட்டலேஸ் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். சுண்டெலிகளுக்குக் கேட்டலேஸைக் கூட்டியபோது வீக்கம் குறைந்தது. எஸ்.ஓ.டி. விஷயத்தில் முடிவுகள் இவ்வளவு நேராக இல்லை: தாமிர–துத்தநாக வகை குறைந்திருக்கிறது, மாங்கனீசு வகை கூடியிருக்கிறது.

சூப்பராக்சைடுக்கு இன்னொரு வழியும் உண்டு. பக்கத்தில் நைட்ரிக் ஆக்சைடு இருந்தால் எஸ்.ஓ.டி. பிடிப்பதற்குள் அதனோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் ஆகிவிடும். தமனியைத் தளர்த்தும் நல்ல பொருள் போய், புரதங்களைத் தாக்கும் பொருள் வந்துவிடுகிறது.

இவற்றால் சுவர் எப்படி மெலிகிறது? எலாஸ்டினை வெட்டும் எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 என்ற நொதிகள் பூட்டிய நிலையில்தான் சுவரில் இருக்கின்றன. பூட்டு, துத்தநாக அணுவோடு பிணைந்த சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலம். பெராக்சிநைட்ரைட் போன்றவை அந்தச் சிஸ்டீனை ஆக்சிஜனேற்றம் செய்தால் பூட்டு கழன்றுவிடும், வெட்டு தொடங்கும். வெட்டுப்பட்ட எலாஸ்டின் துண்டுகள் மேக்ரோஃபேஜ் என்ற அழற்சிச் செல்களை இழுத்துவரும். அவை இன்னும் சூப்பராக்சைடும் எம்.எம்.பி.-யும் கொட்டும். பழுதுபார்க்க வேண்டிய மென்தசைச் செல்களும் மடியும். குழாய் விரிய விரியச் சுவரின் இழுவிசை அழுத்தம் பெருக்கல் ஆரம் என்ற கணக்கில் ஏறுவதால், பெரிய வீக்கம் சிறியதைவிட வேகமாக வளரும்.

மாணவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி: எலாஸ்டின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் தாமிரம் கொண்ட நொதி. அது ஒவ்வொரு பிணைப்பு போடும்போதும் உபபொருளாக ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. அப்படியிருந்தும் அதைத் தடுத்தால் தமனி கிழிகிறது. ஸ்வீட் பீ என்னும் பூச்செடியின் விதையிலுள்ள ஒரு நைட்ரைல் சேர்மம் இந்த நொதியை முடக்கும். அதைத் தீவனத்தில் தின்ற வான்கோழிகள் பெருந்தமனி வெடித்துச் செத்திருக்கின்றன. ஆக்சிஜனேற்றம் என்றாலே பகை என்று எழுதிப்போட்டுவிட முடியாது.

தினமும் இரண்டு நெல்லிக்காய், வைட்டமின் ஈ 400, அதோடு எஸ்.ஓ.டி. கேப்ஸ்யூல் ஒன்று சாப்பிடுகிறேன். எனக்கு வீக்கம் 3.6 செ.மீ. பலன் உண்டா?
— வாசகர், பண்ருட்டி

நெல்லிக்காய் சாப்பிடுங்கள், நல்ல காய். மற்ற இரண்டும் தேவையில்லை.

எஸ்.ஓ.டி. ஒரு புரதம். வாய்வழி போனால் பருப்பும் முட்டையும் செரிப்பதுபோலவே செரிந்து அமினோ அமிலமாகிவிடும். தமனிச் சுவருக்கு அது நொதியாகப் போய்ச் சேராது. வைட்டமின்கள் நொதியின் இடத்தை நிரப்பவும் முடியாது. ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு வினாடிக்கு லட்சக்கணக்கில் பெராக்சைடை உடைத்துவிட்டுத் தான் அப்படியே இருக்கும். வைட்டமின் தன்னையே செலவழித்துத்தான் ராடிக்கலை அடக்கும். வைட்டமின் சி சூப்பராக்சைடோடு வினைபுரியும் வேகம், எஸ்.ஓ.டி.-யின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மனிதர்களில் சோதித்தும் பார்த்தாயிற்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களுக்கு ஐந்து முதல் எட்டு வருடம் தினமும் 50 மி.கி. வைட்டமின் ஈ, 20 மி.கி. பீட்டா கரோட்டின், இரண்டும் சேர்த்து, அல்லது வெற்று மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். பெரிய பெருந்தமனி வீக்கம் வருவதை எதுவும் தடுக்கவில்லை. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. புகைப்பவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. சுண்டெலியில் மட்டும் வைட்டமின் ஈ வேலை செய்தது. எலிக்கு வீக்கத்தை உண்டாக்கும் நாளிலேயே மருந்தும் ஆரம்பமாகிறது. உங்களுக்கு வீக்கம் தெரியவரும்போது எலாஸ்டின் எப்போதோ போய்விட்டது.

ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுபவர் என்றால், வைட்டமின் ஈ 400 ரத்தக்கசிவைக் கூட்டும். உங்கள் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

சிகரெட்டை விட்டு பீடிக்கு மாறிவிட்டேன். அதுவும் நாளுக்கு ஒரு கட்டுதான்.
— வாசகர், கடலூர் முதுநகர்

கேள்வியே இல்லை, ஒப்புதல் வாக்குமூலம் போலிருக்கிறது. சிகரெட் புகையின் வாயுப்பகுதியில் ஓர் இழுப்புக்குப் பத்துக் கோடி கோடி ராடிக்கல்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பீடி எரிந்து வரும் புகையும் புகைதான், அதில் ஃபில்டரும் கிடையாது. புகை நியூட்ரோஃபில்களைத் தூண்டி, அவற்றின் ஆக்சிடேஸையும் முடுக்கிவிடும். வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்களில் முதலிடம் புகைக்குத்தான். ஏற்கெனவே வீக்கம் உள்ளவர் தொடர்ந்து புகைத்தால் வளர்ச்சியும் வேகம், வெடிக்கும் வாய்ப்பும் கூடுதல். மேலே சொன்ன நொதிச் சங்கிலியில் நம் கைக்கு எட்டும் இடங்கள் இரண்டே: புகையை நிறுத்துவது, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது. கட்டு ஒன்றானாலும் பாதியானாலும் நிறுத்துங்கள்.

மருத்துவமனையில் ‘ஆன்டி ஆக்சிடன்ட் புரொஃபைல்’ என்று ரத்தம் எடுத்து, எஸ்.ஓ.டி. குறைவு என்று சொல்கிறார்கள். இதை நம்பலாமா?
— வாசகர், அரியாங்குப்பம்

வீக்கத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது. சிவப்பணுக்களுக்குள் எஸ்.ஓ.டி.-யும் கேட்டலேஸும் மண்டிக் கிடக்கின்றன. ஊசி குத்தும்போது கொஞ்சம் சிவப்பணு உடைந்து சீரம் இளஞ்சிவப்பாகிவிட்டால் எண் மடமடவென்று ஏறிவிடும். லேபுக்கு லேப் முறையும் வேறு, ‘யூனிட்’டும் வேறு. எல்லாம் சரியாக இருந்தாலும் அது ரத்தத்தின் கணக்கு. தமனிச் சுவரின் கணக்கு இல்லை. அந்தப் பணத்தில் ஒரு அல்ட்ராசவுண்டு எடுத்துவிடலாம்.

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் புராஜெக்டுக்காக, அறுவையில் எடுத்த தமனித் திசுவில் கேட்டலேஸ் அளக்கிறேன். ஒரே மாதிரிக்கு மூன்று விதமான எண் வருகிறது. எங்கே தவறு?
— மாணவி, புதுச்சேரி

நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறோம்.

திசுவிலிருந்து தொடங்குங்கள். ஒட்டியிருக்கும் ரத்தக்கட்டியைச் சுரண்டி எடுத்து, சிவப்பு போகும்வரை பனிக்குளிர் சலைனில் அலச வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது சிவப்பணுவின் கேட்டலேஸை. உடனே திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80-ல் வையுங்கள், சிறு சிறு துண்டுகளாக, ஒன்று ஒருமுறைக்கு மட்டும். உருக்கி மறுபடி உறையவைத்தால் கேட்டலேஸ் இறங்கும். மின்வெட்டில் ஃப்ரீசர் எவ்வளவு ஏறியது என்று பதிவேட்டையும் பாருங்கள்.

சுண்ணாம்பு படிந்த சுவர் சாதாரண ஹோமோஜனைசருக்கு மசியாது. திரவ நைட்ரஜன் ஊற்றிக் குழவியில் பொடியாக்கி, 100 மி.கி.-க்கு 1 மி.லி. என்ற கணக்கில் 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் சேருங்கள். 4 டிகிரியில், 10,000 ஜி வேகத்தில், 15 நிமிடம் சுழற்றி மேல்திரவத்தை எடுங்கள். செல்சவ்வைக் கரைக்கும் டிரைட்டான் சேர்த்தால் அது 240 நானோமீட்டரில் தானே ஒளியை உறிஞ்சும். பிளாங்கிலும் அதே அளவு இருக்க வேண்டும். பஃபர் கெடாமலிருக்க யாராவது சோடியம் அசைடு போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அசைடு கேட்டலேஸை முடக்கிவிடும். ‘நோயாளிகளுக்குக் கேட்டலேஸே இல்லை’ என்ற அதிசய முடிவு இப்படித்தான் வரும்.

பெராக்சைடு 10 மில்லிமோலார் வேண்டும். 30 சதவீதக் கரைசலில் சுமார் 0.1 மி.லி. எடுத்து 100 மி.லி. பஃபரில் கலக்கினால் அந்த அளவு வரும். ஆனால் பழைய பாட்டிலில் 30 என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். 240 நானோமீட்டரில் 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட்டில் வைத்துப் பாருங்கள், 0.43 அருகே இருக்க வேண்டும். கண்ணாடி, சாதா பிளாஸ்டிக் குவெட் இந்த அலைநீளத்துக்கு உதவாது. நொதியைச் சேர்த்ததும் முதல் 30 வினாடிச் சரிவை மட்டும் எடுங்கள். பெராக்சைடு கேட்டலேஸையே மெல்லக் கொல்வதால், நேரம் போகப் போகக் கோடு வளையும். குவெட்டில் குமிழி தெரிந்தால் நொதி அதிகம். பத்து மடங்கு நீர்க்கச் செய்து மீண்டும் பாருங்கள். மூன்று விதமான எண்ணுக்கு எங்கள் முதல் சந்தேகம் இந்தக் குமிழிதான்.

கணக்கு: ஒளி உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.0436 குறைந்தால், மி.லி.-க்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோமோல் பெராக்சைடு உடைகிறது. அதைப் புரத மி.கி.-யால் மட்டும் வகுத்தால் போதாது. வீங்கிய சுவரில் மென்தசைச் செல் குறைவு, ஊறிவந்த பிளாஸ்மா புரதம் அதிகம். டி.என்.ஏ. அளவாலும் வகுத்து இரண்டையும் அட்டவணையில் கொடுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் பெருந்தமனி வீக்கம் குறைவு என்கிறார்களே, உண்மையா? மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வளராதா?
— வாசகர், வில்லியனூர்

மற்ற பெரும்பாலான ரத்தநாள நோய்களைக் கூட்டும் சர்க்கரை, வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தைக் குறைவாகவே தருகிறது. பல நாட்டுப் பதிவுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம் இது. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வீக்கம் மெதுவாக வளர்வதும் அப்படியே. ஆனால் பதிவுகளில் தெரிவது மருந்துச் சீட்டுக்கு ஆதாரமாகாது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பாருங்கள்: எம்.எம்.பி.-யைத் தடுக்கும், எலியில் அருமையாக வேலை செய்தது. சிறிய வீக்கம் உள்ளவர்களுக்கு 100 மி.கி. தினம் இருவேளை, இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்ட முடிவில், வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் தொடரலாம். சர்க்கரை இல்லாதவர் வீக்கத்துக்கென்று தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

வீக்கம் உள்ளவர் தவிர்க்க வேண்டிய மருந்து ஏதும் உண்டா?
— வாசகி, நெல்லிக்குப்பம்

உண்டு. மெடிக்கல் ஷாப்பில் ‘வயித்துப்போக்கு, நீர்க்கடுப்பு’ என்றால் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்களே, அந்த வகைதான்: சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின், லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின். பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கும், வரும் வாய்ப்பு உள்ளவர்களுக்கும் வேறு வழி இருக்கும்போது இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. இவை கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கின்றன, எம்.எம்.பி.-யைக் கூட்டுகின்றன, மைட்டோகாண்ட்ரியாவிலும் ஆக்சிஜனேற்றச் சுமையை ஏற்றுகின்றன. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்துபோவதும் இவற்றின் தெரிந்த பக்கவிளைவு. மருந்துக் கடையில் மாத்திரைப் பெயரைக் கேட்டு, ‘ஃப்ளாக்சசின்’ என்று முடிந்தால் வாங்காமல் மருத்துவரிடம் போங்கள். ரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் இதே அளவு ஆபத்து.

என் அண்ணனுக்கு வீக்கம் இருந்து அறுவை செய்தார்கள். எனக்கு வயது 54, புகைப்பழக்கம் இல்லை. நான் பார்த்துக்கொள்ள வேண்டுமா?
— வாசகர், பாகூர்

ஆமாம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. 50 வயதைத் தாண்டிய ரத்த உறவினர், ஆணோ பெண்ணோ, ஒரு அல்ட்ராசவுண்டு எடுத்துக்கொள்வது நல்லது. சாதாரண வயிற்று ஸ்கேன்தான். ஆனால் ‘பெருந்தமனி விட்டத்தை எழுதவும்’ என்று சீட்டில் குறிப்பிடாவிட்டால், கல்லீரலையும் பித்தப்பையையும் பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அண்ணனின் வீக்கம் நெஞ்சுப் பகுதியில் இருந்ததென்றால் வயிற்று ஸ்கேன் போதாது. எக்கோவும் எடுக்க வேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, மெலிந்து மிக உயரமாக நீண்ட விரல்களுடன் இருந்தாலோ, கண் லென்ஸ் விலகியிருந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மார்ஃபான் என்ற பரம்பரை நோயாக இருக்கலாம். அப்படியானால் பிள்ளைகளை ஐம்பது வயதுவரை காத்திருக்க வைக்க முடியாது, இப்போதே எக்கோ எடுக்க வேண்டும்.